எச்சத்தில் கிடைத்த மயிர்

காட்டில் இரண்டு பாதைகள் வந்து கூடும் இடத்தில் செந்நாய்கள் கூட்டமாக எச்சமிடும். காய்ந்த எச்சத்தைப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, முகாமுக்கு எடுத்துவந்து சல்லடையில் வைத்துத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். தின்ற சதையெல்லாம் செரித்துப் போயிருக்கும். மயிர் செரிக்காது. எலும்புத் துணுக்கும் குளம்பின் சில்லும் அதனோடு மிஞ்சும். அலசிய மயிரை உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே செதில்கள் அடுக்கியிருக்கும் விதமும் உள்ளே ஓடும் மையத்தண்டின் அமைப்பும் தெரியும். புள்ளிமானுக்கு ஒரு விதம், கடமானுக்கு வேறு விதம், முயலுக்கு இன்னொன்று. நூற்றுக்கணக்கான எச்சங்களைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்த பிறகு, அந்தச் செந்நாய்க் கூட்டம் எதை எவ்வளவு தின்று வாழ்கிறது என்று ஆதாரத்தோடு சொல்லலாம். ஒரு நாயையும் சுடாமல், கூண்டில் அடைக்காமல், கிட்டே போய்த் தொந்தரவும் செய்யாமல்.

1976இல் பந்திப்பூர்க் காட்டில் இந்த வேலையில் இறங்கியவர், சிவகாசியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியர். பெயர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1945இல் நாங்குநேரியில் பிறந்தவர்; ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளைப் படித்து வளர்ந்தவர். இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் கால்நடையாகவே செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். செந்நாயைக் கொன்று காட்டினால் பணம் தரும் வழக்கம் இந்த நாட்டில் இருந்தது. அது ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. வேண்டாத பிராணி என்று கருதப்பட்ட ஒன்றைத் தேர்ந்து, அது என்ன சாப்பிடுகிறது, எப்படி வேட்டையாடுகிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது என்று கேட்டார். திறந்த காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அப்போது இந்தியாவில் காட்டுயிரியல் என்ற பெயரில் அவர் சேர்ந்து படிப்பதற்கு முதுகலை வகுப்பு இல்லை. அவர் வகுப்பைத் தேடிப் போகவில்லை. செந்நாயைத் தேடிப் போனார்.

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கும் நாட்களில், தமிழ்நாட்டில் எங்கோ சில வீடுகளில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, காட்டுயிரியல் படிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்த பிள்ளையாக இருக்கலாம். அந்தக் கதைக்கு மூலமான கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் யானைகளோடு வாழ்ந்த உண்மை மனிதர் என்று தெரிந்தபோது அதற்குத் தூக்கம் போயிருக்கலாம். வீட்டில் இரண்டு கேள்விகள் உடனே எழும். எந்தக் கல்லூரி? என்ன சம்பளம்? இரண்டும் நியாயமான கேள்விகள், பதில் சொல்லியே ஆக வேண்டியவை. ஆனால் ஜான்சிங்கைப் பந்திப்பூருக்கு அனுப்பிய கேள்வி இவற்றில் இல்லை. எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய் என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. இந்தத் துறையில் படிப்பையும் வேலையையும் திட்டமிடுவது அந்த மூன்றாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை ஜான்சிங் காலத்து வறுமை இன்று இல்லை. மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில், சுற்றிலும் நெல்வயல் சூழ்ந்த ஏ.வி.சி. கல்லூரியில், காட்டுயிரியலுக்கு ஒரு துறை இருக்கிறது. காவிரிப் படுகையில் காட்டுயிரியலா என்று முதலில் வியப்பாக இருக்கும். பேருந்து ஏறினால் கோடியக்கரை. அங்கே வெளிமான் உண்டு. சதுப்பில் பூநாரை உண்டு. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான்கள் உண்டு. பறவையின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்வதற்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. நெல்வயலிலும் கழிமுகத்திலும் கண் பழகிய மாணவருக்குக் காட்டுயிர் என்பது புலியும் யானையும் மட்டும் என்ற எண்ணம் முதல் பருவத்திலேயே கலைந்துவிடும்.

உதகை அரசுக் கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் படிக்கலாம். கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் இப்போது டேராடூனின் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. டேராடூன் நிறுவனம் பிறந்தது 1982இல். அதன் முதுகலைப் படிப்பு 1988இல் ஆரம்பித்தது. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2004 முதல் நடத்திவரும் முதுகலை வகுப்பில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ பதினைந்து பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இளங்கலையில் விலங்கியல்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பொறியியல் படித்தவரும் வரலாம். நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள், பதினைந்து இடம். கதவு திறந்திருக்கிறது, ஆனால் மிகக் குறுகல்.

வனப்பணியையும் காட்டுயிரியலையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் குழப்பம். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வு எழுதி வருபவர் காட்டை நிர்வகிக்கும் அதிகாரி. வழக்கு, தீ, வேட்டைத் தடுப்பு, கிராமத்துத் தகராறு, கோப்பு எல்லாம் அவர் தலையில். காட்டுயிரியலாளர் ஆராய்ச்சியாளர். சரணாலயத்துக்குள் நுழைவதற்கே 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 28ஆம் பிரிவின்படி அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியவர். அந்தக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. இரண்டு வழியும் மதிப்புக்குரியவை. எந்த வழி என்று பதினெட்டு வயதிலேயே முடிவுகட்ட வேண்டியதில்லை. இரண்டும் வேறு என்று தெரிந்திருந்தால் போதும்.

படிப்பு என்ன கற்றுத்தருகிறது? விலங்கின் பெயரையும் குணத்தையும் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். வகுப்பு கற்றுத்தருவது எண்ணும் முறை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலை, காட்டில் எவ்வளவு கடினம் என்பது ஒரு நாள் அதிகாலையில் நடந்து பார்த்தால் புரியும்.

வெளிச்சம் வந்தவுடன் இரண்டு பேர், முன்பே வரைந்துவைத்த நேர்கோட்டில், பேச்சில்லாமல் நடக்கிறார்கள். கையில் திசைகாட்டி, தொலைவு அளக்கும் கருவி, ஒரு படிவம். வலப்புறம் புதருக்கு அப்பால் ஒரு கடமான் நிற்கிறது. மானிருக்கும் தொலைவு 60 மீட்டர். நடக்கும் கோட்டுக்கும் மானைப் பார்க்கும் கோட்டுக்கும் இடையே 30 பாகை. படிவத்தில் இரண்டு எண்ணையும் எழுதுகிறார்கள். 30 பாகைக்கு சைன் மதிப்பு அரை. ஆகவே கோட்டிலிருந்து அந்த மானின் செங்குத்துத் தொலைவு 30 மீட்டர். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், இது எதற்கு உதவப் போகிறது என்று அலுத்துக்கொண்டு போட்ட முக்கோணவியல் கணக்கு இங்கே கடமானைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது. கோட்டை ஒட்டியிருக்கும் விலங்கு கண்ணில் படாமல் தப்புவது அரிது. தள்ளிப் போகப் போகத் தவறவிடுவது கூடும். எந்தத் தொலைவில் எத்தனை பார்த்தோம் என்று பலமுறை நடந்து சேகரித்தால், பார்க்காமல் விட்டது எவ்வளவு என்பதையும் கணக்கிட முடியும். கண்ணுக்குத் தப்பிய மானையும் சேர்த்து எண்ணுவதற்கு வழி கண்டதுதான் இந்த அறிவியலின் அழகு.

புலிக்கும் இப்படி ஒரு நுட்பம். பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு தானியங்கிக் கேமராக்களைக் கட்டுவார்கள். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது என்பது பலருக்கும் தெரியும். ஒரே புலியின் இடது விலாவில் இருக்கும் வரி அதன் வலது விலாவில் இருக்காது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் படமெடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. நாகரஹொளேயில் இம்முறையைப் புலிக் கணக்கெடுப்புக்குக் கொண்டுவந்தவர் உல்லாஸ் காரந்த். அவருடைய முதல் பட்டம் இயந்திரப் பொறியியல். காட்டுயிரியலை அதற்குப் பின்னால் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தார். கால்தடத்தைப் பார்த்துப் புலியை எண்ணிக்கொண்டிருந்த நாட்டில், அந்த எண்ணிக்கையை நம்ப முடியுமா என்று கேட்டவருக்குக் கணக்குப் பழகிய மூளை கைகொடுத்தது. காட்டுயிரியலை விரும்பும் மாணவர் புள்ளியியலைக் கண்டு ஓடக்கூடாது என்று இத்துறை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் சராசரியாக 3,682 என்று அறிவிக்கப்பட்டபோது, அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் கேமரா கட்டிய கைகளும் படம் படமாக வரி ஒப்பிட்ட கண்களும் சூத்திரம் எழுதிய தாள்களும் ஏராளமாக இருந்தன.

முறையான படிப்பு வருவதற்கு முன்பு இந்தத் துறைக்குள் வந்தவர்களின் வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. சாலிம் அலியிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஜெர்மனியில் பறவையியலாளர் ஸ்ட்ரெசெமானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது அருங்காட்சியகத்தில் பார்த்துவந்த வேலையும் இல்லாமல் போயிருந்தது. கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் குடியிருந்து, பக்கத்திலேயே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில்லாக் காலத்தில்தான் அவருக்குப் பெயர் வாங்கித்தந்த ஆய்வு உருவாயிற்று. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். அவரை உலகம் அறிந்தது 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் எழுதிய இயற்கைப் பத்தியால். வரையாடு எங்கெல்லாம் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று மலை மலையாக ஏறிப் பார்த்த ஈ.ஆர்.சி. டேவிதார் தொழிலால் வழக்கறிஞர். தமிழ்நாடு இன்று அக்டோபர் 7ஆம் நாளை அவர் நினைவாக வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது.

இதைப் படித்துவிட்டுப் பட்டமே வேண்டாம் என்று ஒரு மாணவர் முடிவு செய்தால் அது விபரீதம். பட்டம் கேட்க ஆளில்லாத காலத்தில், வேறு பிழைப்போ குடும்ப ஆதரவோ இருந்ததால் அவர்களுக்கு அது முடிந்தது. இன்று அனுமதி வாங்கவும் நிதி வாங்கவும் முனைவர் பட்டம் வரை போகவும் பட்டம் தேவை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒருவருக்கு ஒரு குருவி, ஒருவருக்கு ஒரு ஆடு. ஒவ்வொருவர் கையிலும் ஆண்டுக்கணக்கில் விடாத ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்பதற்குச் சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெ. விஜயா என்ற மாணவி, கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு உதவ வந்தார். ஆமைகள் மேல் அவருக்குப் பிடிப்பு ஏற்பட்டது. 1912இல் விவரிக்கப்பட்டதோடு சரி, அதன் பிறகு எழுபது ஆண்டுகளாக அறிவியல் உலகின் கண்ணில் படாத காட்டு ஆமை ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்ததாகப் பதிவு இருந்தது. விஜயா கேரளக் காட்டுக்குப் போனார். காடர் பழங்குடியினர் துணையோடு தேடினார். 1982இல் அந்த ஆமை கிடைத்தது. காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கையைக் குறிப்பெடுத்தார். 28 வயதில் அவர் மறைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு ‘விஜயசெலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் அவர். பெண்கள் காட்டில் தனியாகத் தங்கலாமா என்ற கேள்வி இன்றும் வீடுகளில் எழுகிறது. நாற்பது ஆண்டுக்கு முன்பே ஒரு சென்னைப் பெண் தங்கியிருக்கிறார். வழிகாட்டியவர்கள் காடர்கள்.

காடரைச் சொல்லும்போது இருளரையும் சொல்ல வேண்டும். 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்நாட்டு அறிவியலாளர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தடம் பார்த்துத் தேடி முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. காட்டுயிரியல் படிக்கப் போகும் மாணவர் களத்தில் முதலில் சந்திக்கும் ஆசிரியர் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒருவராகத்தான் இருப்பார். காலை ஐந்து மணிக்கு யானை வாடை பிடித்து, நில்லு என்று கை காட்டுபவர். அவர் பெயர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றியாக மட்டும் நின்றுவிடுவது அநீதி. அடுத்த தலைமுறை அதை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தையும் ஒருவர் தம் வாழ்க்கைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வீட்டார் கேட்ட சம்பளக் கேள்வி. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையோடு தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. முனைவர் பட்டம் முடிய ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன்னும் பின்னும் பெரும்பாலான வேலைகள் ப்ராஜெக்ட் வேலைகள். தமிழ்நாடு அரசு 2022இல் வரையாட்டுக்கென்று 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித்திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் அமைந்தது. இத்தகைய அறிவிப்பு ஒவ்வொன்றும் சில இளைஞர்களுக்கு வேலை. ப்ராஜெக்ட் முடியும்போது வேலையும் முடியும். தம்பி தங்கையின் படிப்பைத் தோளில் சுமக்கும் பிள்ளைக்கு, அப்பாவின் கடனை அடைக்க வேண்டிய பிள்ளைக்கு, இந்த இடைவெளிகள் ஆளையே விழுங்கிவிடும். காட்டின் மேல் ஆசை இருந்தால் காசு ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை. ஆசையைக் காரணம் காட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது எந்தத் துறையிலும் தவறு. காட்டுக்காக உழைக்கும் துறையிலும் தவறுதான்.

ஆகவே திட்டம் வேண்டும். இளங்கலையில் விலங்கியலோ தாவரவியலோ வனவியலோ கால்நடை மருத்துவமோ, எதுவானாலும் அதோடு புள்ளியியலையும் கணினியையும் கைப்பழக்கமாக்கிக்கொள்வது ஒரு காப்பு. ஆங்கிலத்தில் வரும் ஆய்வுக் கட்டுரையை வாரத்துக்கு ஒன்று படிப்பது இன்னொன்று. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் பத்துக் கட்டுரை மலையேற்றம், அதன் பிறகு சமதளம். படித்ததைத் தமிழில் எழுதுவது மூன்றாவது. கேமரா கட்டும் முறையை ஊர்க்காரரிடம் அவர் மொழியில் விளக்கத் தெரிந்தவருக்குக் களத்தில் தனி மரியாதை உண்டு.

ஊர்க்காரரோடு பேசுவது இந்தத் தொழிலில் பாதி என்பதை வால்பாறையில் பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடக்கும் பூமி அது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் யானையின் வழித்தடத்தைப் பல ஆண்டுகள் வரைபடமாக்கினார்கள். யானையால் மனிதர் இறந்த சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டது தெரிந்தது. தெரியவைத்தால் போதுமே என்று யோசித்தார்கள். உள்ளூர்க் கேபிள் டிவியில் யானை நிற்கும் இடம் ஓடியது. தொழிலாளர் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எஸ்டேட் முனைகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை அந்தப் பக்கம் வந்தால் கைபேசியிலிருந்தே அதை எரியவிடலாம். இறப்புகள் குறைந்தன. அந்த ஆய்வுக்கு யானையைப் பற்றிய அறிவு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, மாலை ஆறு மணிப் பேருந்தில் யார் யார் எங்கே இறங்குகிறார்கள் என்ற அறிவும் வேண்டியிருந்தது.

பணமும் பரிந்துரையும் இல்லாத மாணவர் எங்கே ஆரம்பிப்பது? சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இயங்கிவருகிறது. அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இரவு பதினொரு மணி வாக்கில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டுத் திரும்பிய தடம், டிராக்டர் சக்கரம் உருண்டுபோன மாதிரி மணலில் கிடக்கும். தடத்தின் உச்சியில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் தோண்டுவார்கள். மேசைப்பந்து போல வெள்ளை முட்டைகள், நூறுக்கு முன்பின். ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்து, கூட்டின் ஆழத்தை அளந்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைப்பார்கள். தேதி எழுதிய அட்டை பக்கத்தில் நிற்கும்.

குஞ்சு வெளிவர ஏறத்தாழ 45 நாள். ஜனவரிக் கடைசியில் புதைத்த கூடு மார்ச் நடுவில் பொரியும். முதல் முறை நடக்க வந்த கல்லூரி மாணவி அட்டையில் இருக்கும் தேதியிலிருந்து விரல்விட்டு நாள் எண்ணுகிறாள். மூன்றரை மணி ஆகிறது, கையெல்லாம் மணல். அந்த வாரம் தேர்வு ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்கும் தோழியிடம் கேட்கிறாள்.